கடல் இல்லாத ஊர்களுக்கு அலை வந்த கதை

வெள்ளகோவிலில் யாரிடமாவது போய் "சர்ஃப்" என்று சொன்னால் மளிகைக் கடைக்குத்தான் கை காட்டுவார்கள். தப்பில்லை. 1959ல் ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனி அந்தச் சலவைத்தூளை இந்தியாவில் விற்கத் தொடங்கியதிலிருந்து, எந்தக் கம்பெனித் தூளாக இருந்தாலும் நம் வீடுகளில் அதற்குப் பெயர் சர்ஃப்தான். அந்தச் சொல்லுக்குக் கரையில் உடையும் அலை என்று ஒரு பொருள் இருப்பது, திருப்பூரில் எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய பனியன்கள் சந்தைக்கு வரும்போதுதான் தெரியும். நெஞ்சில் தென்னை மரம், ஒரு பெரிய நீல அலை, அதன் மேல் பலகையில் நிற்கும் ஆள், கீழே கலிஃபோர்னியா என்று எழுத்து. அதைப் போட்டுக்கொண்டு தறிக்கு வேலைக்குப் போகிறவர் அலையைப் பற்றி யோசித்திருப்பாரா என்பது சந்தேகமே.

யோசிக்க வழியும் இல்லை. வெள்ளகோவிலிலிருந்து எந்தப் பக்கம் கடல் பார்க்கப் போனாலும் 150 கிலோமீட்டருக்குக் குறையாது. காங்கேயத்துக்கும் கரூருக்கும் நடுவில், எண்ணெய் மில்களும் விசைத்தறிகளும் முருங்கைத் தோட்டங்களுமாக இருக்கிற வறண்ட பூமி அது. ஆகவே இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு வாழ்க்கையில் முதலில் வந்து மோதிய அலை கடல் அலை அல்ல. ஊட்டி டூரோடு சேர்த்து மேட்டுப்பாளையத்தில் நீலகிரி அடிவாரத்துத் தண்ணீர்ப் பூங்காவான பிளாக் தண்டருக்கு அழைத்துப் போவார்களே, அங்கே அலைக்குளத்தில் வந்த அலைதான்! எல்லாரும் இடுப்பளவு தண்ணீரில் சும்மா நின்றுகொண்டிருப்பார்கள். திடீரென்று பின் சுவர்ப் பக்கம் ஏதோ உறுமும். "வருது வருது" என்று ஒரு சத்தம். அடுத்த நிமிஷம் கால் தரையில் இருக்காது.

அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று டூர் போனவர்களில் பாதிப் பேர் கேட்பதே இல்லை. பெரிய ரகசியமும் இல்லை. இந்த மாதிரிக் குளங்களில் பெரும்பாலும் சுவருக்குப் பின்னால் வரிசையாக அறைகள் இருக்கும். அறையின் அடிப்பாகம் குளத்தோடு திறந்திருக்கும். மேலிருந்து பெரிய காற்றாடி எந்திரங்கள் காற்றை அடைக்கும்போது அறைத் தண்ணீர் கீழே அமுங்கி வெளியே தள்ளப்படும். காற்றை விட்டவுடன் திரும்ப ஏறும். இதைத் தாளம் தப்பாமல் செய்தால் அலை. ஊஞ்சலை ஆட்டுவது மாதிரிதான், சரியான நேரத்தில் தள்ள வேண்டும், அவ்வளவே. குளத்தின் தரை ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் கரை போலச் சரிந்து ஒன்றுமில்லாமலும் போவதால், அலை ஆழம் குறையக் குறைய எழும்பி உடைகிறது.

இந்த யோசனை முதலில் யாருக்கு வந்தது? ஒரு ராஜாவுக்கு! பவேரியாவின் இரண்டாம் லுட்விக் என்று ஒரு மன்னர். கோட்டை கட்டியே கஜானாவைக் காலி செய்தவர். 1870களின் பிற்பாதியில் லிண்டர்ஹாஃப் அரண்மனைத் தோட்டத்தில் செயற்கைக் குகை ஒன்றைக் கட்டி, உள்ளே ஒரு குளம் வெட்டி, அதில் அலை எழுப்பும் எந்திரமும் வைத்தார். விதவிதமான நிறத்தில் மின்விளக்கு வேறு. அதற்காகவே மின்சாரம் தயாரிக்கும் டைனமோக்களையும் நிறுவினார்கள். ஊரில் யாருக்கும் கரண்ட் இல்லாத காலத்தில் ஒரே ஒரு ஆள் படகில் உட்கார்ந்து அலையில் ஆடுவதற்கு இவ்வளவு ஏற்பாடு. 1886ல் அவருக்குப் புத்தி சரியில்லை என்று சொல்லி ஆட்சியிலிருந்து இறக்கிவிட்டார்கள். சில நாட்களிலேயே ஸ்டார்ன்பெர்க் ஏரியில் பிணமாகக் கிடந்தார். வேடிக்கை என்னவென்றால், அதே ஏரியில்தான் 1905ல் உண்டோசா என்ற பெயரில் பொதுமக்களுக்கான அலைக்குளியல் வந்தது. ராஜாவின் விளையாட்டு இருபது வருஷத்தில் டிக்கெட் வாங்கியவர்களுக்கெல்லாம் கிடைத்துவிட்டது.

அதன் பிறகு ஐரோப்பாவில் இது ஒரு மோஸ்தர் ஆனது. 1911ல் டிரெஸ்டன் நகரச் சுகாதாரக் கண்காட்சியில் காட்டிய உண்டோசா எந்திரத்தை அடுத்த ஆண்டே பக்கத்து ஊரான ராடேபொய்ல் குளத்தில் பொருத்தினார்கள். புடாபெஸ்டின் கெல்லர்ட் குளியலில் 1927ல் அலைக்குளம் திறந்தார்கள். லண்டன் வெம்ப்ளியில் 1934ல் கட்டிய எம்பயர் பூலிலும் அலை எந்திரம் இருந்தது. ஆனால் இவை எல்லாம் குளிப்பதற்கு. பலகையில் ஏறி நிற்பதற்கு அல்ல. குளிக்கிறவருக்கு மேலும் கீழும் ஆட்டினால் போதும். பலகைக்காரருக்கு அது போதாது. அலையின் முகம் ஒரே நேரத்தில் மொத்தமாக உடையக் கூடாது, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு வரிசையாக உடைந்துகொண்டே போக வேண்டும். அந்த உடையாத பகுதியில்தான் அவர் சறுக்குகிறார். இதை எந்திரத்தால் செய்வது மிகவும் கஷ்டம்.

பெரிய அளவில் முயன்று பார்த்தது எங்கே தெரியுமா? பாலைவனத்தில். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்ப்பி என்கிற ஊரில், 1969ல். (ஜப்பானில் அதற்குச் சில வருஷம் முன்பே டோக்கியோவில் உள்ளரங்க முயற்சி ஒன்று நடந்தது, ஆனால் ஊர் உலகத்துக்குத் தெரிந்தது டெம்ப்பிதான்.) ஃபில் டெக்ஸ்டர் என்ற பொறியாளர், கலிஃபோர்னியாக் கடற்கரைக்குப் போய் அலைச்சறுக்கைப் பார்த்துவிட்டு வந்து, இதை ஏன் நம் ஊரில் செய்யக்கூடாது என்று கிளம்பியவர். பணம் போட்டது யார் என்று கேட்டால் சிரிப்பீர்கள்: தலைமயிர்ச் சாயம் விற்கும் கிளெய்ரால் கம்பெனி! பிக் சர்ஃப் என்று பெயர் வைத்தார்கள். அதன் எந்திரம் காற்று அல்ல, சுத்தமான பாசன மூளை. தண்ணீரைப் பம்ப் வைத்து உயரமான தொட்டியில் ஏற்றி, அடியில் இருக்கும் மதகுகளைச் சட்டென்று திறந்துவிடுவார்கள். விழுகிற தண்ணீர் அடித்தடுப்பில் மோதி அலையாக எழும்பி ஓடும். வாய்க்காலில் மடை திறக்கும்போது முதலில் ஒரு மொத்தை வருமே, அதை நூறு மடங்காக்கிக்கொள்ளுங்கள்.

அரிசோனாப் பிள்ளைகள் கடலையே பார்க்காமல் பலகையில் ஏறப் பழகினார்கள். கடற்கரைப் பையன்கள் இவர்களைக் கேலி செய்தார்கள். அந்தக் கேலியை வைத்தே 1987ல் ஹாலிவுட்டில் நார்த் ஷோர் என்று ஒரு படம் வந்தது. அரிசோனா அலைக்குளப் போட்டியில் ஜெயித்த பையன் அந்தப் பரிசுப் பணத்தோடு ஹவாய் போய் நிஜ அலையில் அடி வாங்குகிற கதை. சுமாரான படம்தான், ஆனால் டவுன் பஸ்ஸில் கெத்தாக இருந்துவிட்டுச் சென்னைக்குப் போய் விழிக்கிற எல்லாருக்கும் அந்தப் பையனைப் புரியும்.

நிஜத்திலும் அப்படித்தான் நடந்தது. 1985ல் பென்சில்வேனியாவின் ஆலன்டவுனில், கடலுக்கு வெகு தூரத்தில், அலைக்குளத்திலேயே தொழில்முறைப் போட்டி வைத்தார்கள். ஆஸ்திரேலியாவின் டாம் கரோல் ஜெயித்தார். அப்போது அவர் உலகச் சாம்பியன். அலையோ முழங்கால் உயரத்தைத் தாண்டவே மூச்சு வாங்கியது. கடலில் மலை மாதிரி அலைகளில் இறங்குகிறவர்கள் அந்தக் குளத்தில் திணறியதைப் பார்த்துப் பத்திரிகைகள் கிண்டலடித்தன. திணறலுக்கு ஒரு நியாயமான காரணமும் உண்டு. உப்புத் தண்ணீரை விட நல்ல தண்ணீர் எடை குறைவு, சுமார் இரண்டரை சதவீதம். பலகை அந்த அளவுக்குக் கொஞ்சம் அமுங்கும். கடலில் பழகின உடம்புக்கு அந்தச் சின்ன வித்தியாசம் உடனே தெரியும்.

ஜப்பானியர்கள் இன்னொரு படி மேலே போனார்கள். மியாசாகியில் 1993ல் ஓஷன் டோம் என்று கூரை திறந்து மூடும் பிரம்மாண்டமான உள்ளரங்கக் கடற்கரை. மணல், பனைமரம், சரியான வெப்பம், நாள் முழுக்க அலை. அதற்குக் கொஞ்ச தூரத்திலேயே நிஜமான பசிபிக் கடல் இலவசமாக அலையடித்துக்கொண்டிருந்தது! 2007ல் அதை மூடிவிட்டார்கள். கடல் இன்னும் இருக்கிறது.

நம் பக்கமும் 1990களில்தான் இந்த அலை வந்தது. மை டியர் குட்டிச்சாத்தான் படம் எடுத்த நவோதயா அப்பச்சன் 1995ல் தாம்பரத்துக்குப் பக்கத்தில் கிஷ்கிந்தா பூங்காவைத் திறந்தார். மும்பையில் 1998ல் வாட்டர் கிங்டம். கொச்சியில் 2000ல் வீகாலேண்ட். அதைக் கட்டியது நம் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஸ்டெபிலைசராக உட்கார்ந்திருக்கும் வி-கார்ட் கம்பெனியின் கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி. பிற்பாடு அது வொண்டர்லா ஆனது. இங்கெல்லாம் வந்தது குளிக்கிற அலை, அதாவது பழைய உண்டோசா வம்சம். பலகைக்கான அலை அல்ல.

பலகைக்கான அலையைக் கடைசியில் சரியாகச் செய்தவர் கெல்லி ஸ்லேட்டர். பதினொரு முறை உலகச் சாம்பியன். தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பாய்ம இயக்கவியல் ஆராய்ச்சியாளர் ஆடம் ஃபின்ச்சமைக் கூட வைத்துக்கொண்டு பல வருஷம் ரகசியமாக வேலை செய்தார். 2015 டிசம்பரில் ஒரு வீடியோ வெளியிட்டார். விடியற்காலை, பழுப்புத் தண்ணீர், கண்ணாடி மாதிரி வழவழப்பான ஒரு அலை, அதன் உள்ளே சுருண்ட குழாய். அலைச்சறுக்கு உலகமே வாயடைத்துப் போனது. எந்த ஊர் என்று முதலில் சொல்லவில்லை. பிறகுதான் தெரிந்தது: கலிஃபோர்னியாவின் உட்பகுதியில் லெமூர் என்ற சிற்றூர். கடலிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர் அளவில் தள்ளி இருக்கிறது. சுற்றிலும் என்ன விளைகிறது? பருத்தி!

இங்கேதான் வெள்ளகோவில்காரர் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். லெமூர் இருக்கிற கிங்ஸ் மாவட்டம் அமெரிக்காவின் பெரிய பருத்திச் சீமைகளில் ஒன்று. நீண்ட இழை கொண்ட பீமா பருத்தி அங்கே விளைகிறது. அமெரிக்க பீமாவை அதிகமாக வாங்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அதாவது அந்த அலை உருண்ட குளத்துக்கு அக்கம்பக்கத்துக் காட்டில் விளைந்த பஞ்சு, தமிழ்நாட்டு மில் ஏதோ ஒன்றில் நூலாகி இருக்கலாம். பனியன் மேல் அச்சடித்த கலிஃபோர்னியாவுக்கும் பனியனின் நூலுக்கும் அவ்வளவு கிட்டத்துச் சொந்தம்.

எந்திரமும் தறிக்காரருக்கு அந்நியம் இல்லை. சுமார் 700 கஜ நீளக் குளம். அதன் ஒரு ஓரமாகத் தண்டவாளம். தண்டவாளத்தில் ரயில் எஞ்சின் மாதிரி ஒரு வண்டி, தண்ணீருக்குள் மூழ்கிய பெரிய இறக்கை ஒன்றை மணிக்கு 30 கிலோமீட்டர் அளவு வேகத்தில் இழுத்துக்கொண்டு போகும். இறக்கை தள்ளும் தண்ணீர், கவனமாகச் செதுக்கிய தரையில் ஏறி, ஓரத்திலிருந்து வரிசையாக உடையும். வண்டி அந்தக் கோடிக்குப் போனால் ஒரு கை அலை. கொஞ்ச நேரம் தண்ணீர் அடங்கக் காத்திருந்து திரும்பி வந்தால் மறு கை அலை. பார்த்தால் அப்படியே தறியில் நாடா ஓடுவதுதான்! என்ன, நம் நாடா நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல் ஓடும். அது சில நிமிஷத்துக்கு ஒரு தடவை.

அந்தக் குளத்தில் முதல்முறை இறங்கிய கடல் வீரர்களுக்கு வந்த சங்கடம் விசித்திரமானது. கடலில் சரியாகப் போகாவிட்டால் அலை சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இங்கே எல்லாருக்கும் ஒரே அலை. பரீட்சையில் எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள் கொடுத்த மாதிரி. தப்பினால் அடுத்த அலைக்குக் காத்திருக்க வேண்டும், அதுவும் வரிசையில். 2018ல் அங்கே நடந்த உலகச் சுற்றுப் போட்டியில் பிரேசிலின் கேப்ரியல் மெடினாவும் ஹவாயின் கரிசா மூரும் ஜெயித்தார்கள். அலை ஒன்றாக இருந்தால் சண்டையே வராது என்று நினைத்தால் அதுவும் நடக்கவில்லை. 2023 போட்டியில் நடுவர்கள் மதிப்பெண் போட்ட விதம் சரியில்லை என்று பிரேசில் வீரர்கள் வெளிப்படையாகவே கொதித்தார்கள்.

சரி, தண்ணீர்? வெள்ளகோவிலில் நின்று இந்தக் கதையைப் படிக்கிற யாரும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்.

அந்த வீடியோ வந்த 2015, கலிஃபோர்னியாவில் கடும் வறட்சியின் நான்காவது ஆண்டு. அந்த ஏப்ரலில்தான் ஆளுநர் ஜெரி பிரவுன் நகரங்களின் தண்ணீர்ச் செலவை 25 சதவீதம் குறைக்கச் சொல்லி உத்தரவு போட்டிருந்தார். லெமூரைச் சுற்றிய பள்ளத்தாக்கில் வீட்டுக் கிணறுகள் வற்றி, ஜனங்கள் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள். அப்போதுதான் அலை. இதற்கு அடியில் இன்னொரு பழைய கதை இருக்கிறது. அந்த இடத்துக்குத் தெற்கே ஒரு காலத்தில் டுலாரி என்ற மாபெரும் ஏரி இருந்தது. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அதுதான் மிகப்பெரிய நன்னீர் ஏரி. தாச்சி யோகுட் என்னும் பழங்குடி மக்கள் அதன் கரையில் வாழ்ந்தார்கள். அவர்களுடைய குடியிருப்பு லெமூருக்குப் பக்கத்தில் இன்றைக்கும் உண்டு. விவசாயத்துக்காக ஆறுகளைத் திருப்பி ஏரியை வற்றவைத்து, அந்தப் படுகையில் பருத்தி போட்டார்கள். ஏரியை அழித்த மாவட்டத்தில் செயற்கைக் குளம் வெட்டி அலை விட்டார்கள். 2023ல் பேய்மழை பெய்து ஏரி சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்தது. ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் முழுகியது. அந்த அலைக்கு யாரும் டிக்கெட் போடவில்லை.

ஆனால் கோபப்படுவதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் நியாயம். லெமூர் குளத்தின் கொள்ளளவு 1.5 கோடி காலன் என்று செய்தி ஏடுகள் எழுதின. நம் அணைக் கணக்கில் மாற்றினால் சுமார் 2 மில்லியன் கன அடி. 46 ஏக்கரில் ஓரடி உயரத்துக்குத் தண்ணீர் கட்டின மாதிரி. மக்காச்சோளம் என்றால் ஏறக்குறைய 25 ஏக்கரை ஒரு போகம் விளையவைக்கலாம். திருமூர்த்தி அணையில் கிட்டத்தட்ட 1,900 மில்லியன் கன அடி நிற்கும். அதனோடு வைத்துப் பார்த்தால் அலைக்குளம் ஒரு சொம்பு. ஆகவே ஒரே ஒரு குளம் ஊரையே வறளவைக்கும் என்பது மிகை. அதே சமயம், ஒரு தடவை நிரப்பினால் முடிந்தது என்பதும் பொய். வறண்ட வெயிலில் திறந்த தண்ணீர் வருஷத்துக்கு ஐந்தடிக்குக் குறையாமல் ஆவியாகப் போகும். அதை ஈடுகட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

அளவை விடப் பெரிய கேள்வி, யாருக்காக என்பது. இதே தொழில்நுட்பத்தில் கலிஃபோர்னியாவின் பாலைவன ஊரான லா கின்டாவில் வீடுகளும் ஓட்டலும் சேர்த்து ஓர் அலைக்குளம் கட்டத் திட்டம் போட்டார்கள். ஊர்க்காரர்கள் வறட்சியைச் சொல்லிக் கிளம்பினார்கள். 2022 செப்டம்பரில் நகரசபை ஒரு எதிர்ப்பு ஓட்டுக் கூட இல்லாமல் அதை நிராகரித்தது.

தண்ணீரைத் தேக்கினால் சுத்தம் என்கிற தலைவலியும் கூடவே வரும். டெக்சாசின் வேக்கோவில் அலைக்குளமும் வேறு நீர் விளையாட்டுகளும் இருந்த பூங்காவுக்கு 2018ல் வந்துபோன ஓர் இளைஞர், மூளையைத் தின்னும் அமீபாத் தொற்றில் இறந்தார். பூங்கா தண்ணீர் சுத்திகரிப்பை அடியோடு மாற்ற வேண்டி வந்தது. 2024, 2025 ஆண்டுகளில் கேரளாவில் அந்த அமீபாக் காய்ச்சல் பற்றி வந்த செய்திகளைப் படித்தவர்களுக்கு இது தூரத்துக் கதையாகத் தோன்றாது.

தொழிலாகவும் இது நிலையானது இல்லை. வேல்ஸ் நாட்டில் மூடிப்போன அலுமினிய ஆலை இருந்த இடத்தில் 2015ல் ஸ்பெயின்காரர்களின் எந்திரத்தை வைத்து அலைக்குளம் திறந்தார்கள். எந்திரக் கோளாறுகளோடு போராடி 2023ல் அதுவும் மூடியாயிற்று. டெம்ப்பியின் பிக் சர்ஃப் 2019 கோடைக்குப் பிறகு திறக்கவே இல்லை. ஐம்பது வருஷம் ஓடியது பெரிய விஷயம்தான்.

இதற்கிடையில் நிஜக் கடலில், நம் கரையில், கரண்ட் செலவே இல்லாமல் ஒரு வரலாறு நடந்துகொண்டிருந்தது. கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன் 2012ல் தம் குப்பத்துப் பிள்ளைகளுக்குச் சர்ஃப் பள்ளி தொடங்கினார். அடுத்த ஆண்டு அங்கே அலைச்சறுக்கு விழா. 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் சர்வதேசப் போட்டி. 2025 ஆகஸ்டில் அதே இடத்தில் ஆசியச் சாம்பியன்ஷிப். அதில் கர்நாடகாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். லெமூரில் ஒரு நாள் முழுக்கக் குளத்தை வாடகைக்கு எடுக்கப் பத்தாயிரக்கணக்கான டாலர் ஆகும். கோவளத்தில் காலை ஐந்தரைக்கு எழுந்திருந்தால் போதும்.

வெள்ளகோவிலில் ஒரு அலைக்குளம் வந்தால் எப்படி இருக்கும் என்று கிளாஸில் யாராவது கேட்கத்தான் போகிறார்கள். கேட்கட்டும். பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் 3.77 லட்சம் ஏக்கரை நாலு மண்டலமாகப் பிரித்து, ஒரு மண்டலத்துக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் முறை. வெள்ளகோவில் கிளை வாய்க்கால் அதன் கடைமடை. மேலே திருடுகிறார்கள், வரவேண்டிய தண்ணீர் வந்து சேரவில்லை என்று அந்த விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். பக்கத்தில் வட்டமலைக்கரை ஓடையில் ஒரு அணை உண்டு. பல வருஷங்கள் சீமைக்கருவேல் முளைத்துக் காய்ந்து கிடந்தது. 2021 கடைசியில் பி.ஏ.பி. உபரி நீரை வாய்க்கால் வழியாக அதில் கொண்டுவந்து விட்டார்கள். மாடு மேய்ந்துகொண்டிருந்த தரை மேல் தண்ணீர் ஏறுவதைப் பார்க்க அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் டூவீலரில் குடும்பத்தோடு போனார்கள். யாரும் பலகை எடுத்துப் போகவில்லை. பிள்ளைகள் மட்டும் காலை நனைத்துக்கொண்டு நின்றார்கள்.